பார்வையைத் தாழ்த்துவோம், விளக்கையும் தாழ்த்துவோம்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...



இஷா தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து பேசுவோரிடம் இப்போதெல்லாம் ஒரு குறை தவறாமல் எழுகிறது. “இரவில் வண்டி ஓட்டவே முடியவில்லை, எதிரே வருபவன் போடும் விளக்கில் கண் இருண்டு போகிறது” என்பதே அது. நாமும் பல காலமாக அந்தக் குறையைச் சொல்லி வந்தவர்களுள் ஒருவர்தாம். ஆனால், சென்ற ஆண்டு ஷஅபான் மாதத்தின் இறுதியில் நிகழ்ந்த ஒரு சம்பவம் அந்தக் குறையை நம் பக்கமே திருப்பி விட்டது. செய்த தவற்றைப் பறைசாற்றுவது நம் நோக்கமன்று. நமக்குக் கிடைத்த பாடம், வாகனம் ஓட்டும் மற்றொரு சகோதரருக்கு விலை கொடுக்காமல் கிடைக்கட்டும் என்றே எழுதுகிறோம்.

நம் மைத்துனர் ரமலானை ஊரில் கழிப்பதற்காகத் துபாயிலிருந்து வந்தார். அவரை அழைத்து வரத் திருச்சி விமான நிலையத்திற்குச் சென்றிருந்தோம். விமான நிலைய வாசலில் ஸலாமும் முஸாபஹாவும் முடிந்து, கயிறு கட்டிய பெட்டிகளைப் பின்புறம் திணித்து, ஐந்து பேராக ஏறிக்கொண்டபோது வண்டியின் பின்பகுதி நன்றாகவே தாழ்ந்துவிட்டது. புதுக்கோட்டை, அறந்தாங்கி, ஆவுடையார்கோயில் வழியாக மீமிசலை அடைந்து, அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டி நோக்கித் திரும்பினோம். பிறை தேயும் நாட்கள் ஆதலால் வானில் வெளிச்சம் இல்லை. இருபுறமும் கருவேலங்காடு. நடுவே தடுப்பு இல்லாத சாலை.

திருச்சியிலிருந்தே எதிரே வந்த வாகனங்கள் பல, நம்மைப் பார்த்து விளக்கை ஏற்றி ஏற்றி இறக்கின. நாமோ தாழ்ந்த ஒளியிலேதான் ஓட்டிக்கொண்டிருந்தோம். “டிம் செய்துதானே வருகிறோம், இவர்களுக்கு என்ன வந்தது?” என்று முதலில் வியந்தோம், பிறகு சினந்தோம். மீமிசலைக் கடந்த சிறிது நேரத்தில் ஒரு கார் தொலைவிலிருந்தே மூன்று முறை விளக்கை ஏற்றி இறக்கியது. பின்னர் ஏற்றிய விளக்கை இறக்காமலேயே நெருங்கி வந்தது. நம் பொறுமை அற்றுப்போயிற்று. நாமும் விளக்கை முழுமையாக ஏற்றினோம். அருகில் இருந்த நம் மனைவி, “என்னங்க, வேணாங்க” என்றார். கேட்கவில்லை.

அந்தக் கார் கடந்து போய்விட்டது. அதன் பின்னால் வந்த ஒரு மொபெட்டை நாம் பார்க்கவில்லை. அதில் வந்தவர் மீது நம் முழு வெளிச்சமும் பாய்ந்தது. அவர் கைப்பிடியைத் திருப்பியதையும், வண்டி மண் விளிம்பில் இறங்கியதையும், அவர் சாய்ந்து விழுந்ததையும் நொடிப்பொழுதில் கண்டோம்.

நிறுத்திவிட்டு ஓடினோம். அறுபதைக் கடந்த மீன் வியாபாரி அவர். காலியான மீன்பெட்டி தெறித்துக் கிடந்தது. முழங்காலிலும் உள்ளங்கையிலும் சிராய்ப்பு; வண்டியின் கண்ணாடி உடைந்திருந்தது. தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தோம். நம் தொப்பியையும் தாடியையும் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “பரவாயில்ல அசரத்து. வெளிச்சத்துல ரோட்டோட ஓரம் எங்க இருக்குன்னே தெரியல. லைட்ட கொஞ்சம் எறக்கிப் போட்டிருக்கலாம்.”

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்போம். ‘அசரத்து’ என்று மரியாதையாக அழைத்துச் சொன்ன அந்தச் சொல்லை இன்றுவரை தாங்க முடியவில்லை. மார்க்கம் கற்பிப்பவர் என்று நம்மை அடையாளம் கண்ட கண்களைத்தான் சற்று முன்பு நாம் குருடாக்கியிருந்தோம்.

மறுநாள் காலை தெரிந்த மெக்கானிக் தம்பியிடம் வண்டியைக் கொண்டு சென்றோம். எதிரே வந்தவர்கள் ஏன் விளக்கடித்தார்கள் என்பதற்கு அவர் பத்து நிமிடத்தில் விடை சொல்லிவிட்டார்.

முதலாவது, பல்பு. நம் காரில் முதலில் இருந்தது ஹாலோஜன் பல்பு. அதன் மஞ்சள் ஒளி போதவில்லை என்று கருதி, ஒரு கடையில் வெள்ளை எல்.இ.டி பல்புகளை மாட்டியிருந்தோம். விளக்கின் உள்ளே இருக்கும் பளபளப்பான கிண்ணம், ஹாலோஜன் பல்பின் மெல்லிய கம்பி எந்த இடத்தில் எரியுமோ அந்த இடத்தைக் கணக்கிட்டே வடிவமைக்கப்படுகிறது. ஒளிரும் இடம் சிறிது மாறினாலும், சாலையில் விழ வேண்டிய ஒளி சிதறி மேல்நோக்கிப் போகிறது. தம்பி வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்திக் காட்டினார். பழைய பல்பைப் போட்டபோது சுவரில் ஒளிக்கும் இருளுக்கும் இடையே தெளிவான கோடு விழுந்தது. நம் புதிய பல்பில் அந்தக் கோடே இல்லை. சுவர் முழுதும் வெள்ளை. அதாவது, நாம் ‘டிம்’ என்று எண்ணி ஓட்டியது எதிரில் வந்தவருக்கு ‘டிம்’ அன்று.

இரண்டாவது, பாரம். பின்னால் பாரம் ஏறினால் வண்டியின் முகம் நிமிரும், விளக்கும் நிமிரும். அதைச் சரிசெய்யவே பல கார்களில் ஸ்டியரிங்கின் அருகே 0, 1, 2, 3 என்று எண்ணிட்ட சிறு திருகு இருக்கிறது. ஓட்டுநர் மட்டும் இருக்கும்போது 0. ஆளும் பாரமும் ஏற ஏற எண்ணைக் கூட்ட வேண்டும். கூட்டினால் ஒளி தாழும். நான்கு ஆண்டுகளாக அந்தத் திருகு நம் கைக்கு எட்டும் தொலைவில் இருந்தது. அது எதற்கென்று ஒருநாளும் கேட்டதில்லை. விமான நிலையத்திலிருந்து பெட்டிகளோடு திரும்பும் நம் சமுதாயத்து வாகனங்கள் எத்தனை! அவற்றுள் எத்தனை பேர் அதைத் தொட்டிருப்பார்கள்?

ஆக, அன்றிரவு எதிரே வந்தவர்கள் ஆணவத்தால் விளக்கடிக்கவில்லை. “கண் கூசுகிறது, தாழ்த்துங்கள்” என்று முறையிட்டிருக்கிறார்கள். முறையீட்டை நாம் வம்பு என்று புரிந்துகொண்டு பதிலடி கொடுத்தோம். அந்தப் பதிலடியும் உரியவரைச் சேரவில்லை. எந்தப் பாவமும் அறியாத மூன்றாமவர் மீது விழுந்தது.

மனிதக் கண்ணை அல்லாஹ் படைத்திருக்கும் விதமும் இங்கே சிந்திக்கத் தக்கது. இருளுக்குக் கண் முழுமையாகப் பழக ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். அப்படிப் பழகிய கண்ணைக் கெடுக்க ஒரு நொடி வெளிச்சம் போதும். மீண்டும் சாலை தெளிவாகத் தெரியச் சில நொடிகள் வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. மூன்று நொடிகள் கண் மங்கினால் 50 மீட்டர் தொலைவு பாராமலே ஓடியிருக்கும். அந்த 50 மீட்டருக்குள் ஒரு சைக்கிள் இருக்கலாம். சாலையைக் கடக்கும் ஓர் ஆடு இருக்கலாம். ஒரு குழந்தையும் இருக்கலாம். வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை பழுக்கிறது. உள்ளே புகும் ஒளி சிதறுகிறது. நமக்கு வெறும் கூச்சமாகத் தெரிவது, கண்புரை தொடங்கிய முதியவருக்கு வெள்ளைச் சுவராகத் தெரியும்.

நாம் மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் கற்பிக்கும் ஒரு ஹதீஸ் உண்டு. அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரீயிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருப்பது. பாதைகளில் அமர்வதைத் தவிர்க்குமாறு நபி (ஸல்) அவர்கள் கூற, பேசிக்கொள்ள எங்களுக்கு வேறு இடமில்லையே என்று தோழர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் பாதைக்கு அதன் உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்று நபியவர்கள் பணிக்கிறார்கள். அந்த உரிமை யாது என்று கேட்டபோது, பார்வையைத் தாழ்த்துவது, துன்பம் தராதிருப்பது, ஸலாமுக்குப் பதில் சொல்வது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது என விளக்குகிறார்கள்.

பார்வையைத் தாழ்த்துவதன் பொருள் வேறு என்பதை அறிவோம். ஆயினும் அந்தப் பட்டியலின் இரண்டாவது கடமையான துன்பம் தராதிருத்தலில் நம் வாகனத்தின் விளக்கும் அடங்கும் என்பதில் ஐயமில்லை. பாதையில் ஓரமாக அமர்ந்திருப்பவருக்கே இத்தனை கடமைகள் என்றால், ஆயிரம் கிலோ இரும்பை அதே பாதையில் ஓட்டிச் செல்பவருக்கு எவ்வளவு இருக்கும்? பாதையில் கிடக்கும் தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று. முள்ளையும் கல்லையும் அகற்றச் சொல்லிப் பிள்ளைகளுக்குக் கற்பித்த நாமே, பாதையில் தொல்லையை ஏற்றிச் சென்றிருக்கிறோம்.

இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் நாற்பது ஹதீஸ் தொகுப்பில் மற்றொரு நபிமொழி இருக்கிறது. தீங்கிழைப்பதும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்பது அதன் கருத்து. ஃபிக்ஹு நூல்களில் பெரும் விதியாக அமைந்தது அது. அதன் பிற்பகுதியை அந்தச் சாலையில்தான் உண்மையாகக் கற்றோம். எதிரே வருபவரின் கண் கூசுகிறது, நம் கண்ணும் கூசுகிறது என்றால், இருவரும் பாராமல் ஒருவரை நோக்கி ஒருவர் விரைகிறோம் என்பதே பொருள். இதில் வெற்றி யாருக்கு?

சகோதரர்களே! நாம் கற்றுக்கொண்டவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். எதிரே வாகனம் வந்தால் முதலில் தாழ்த்துபவர் நாமாக இருப்போம். ஸலாமை முந்திச் சொல்பவர் சிறந்தவர் அல்லவா! முன்னே செல்லும் வண்டியின் பின்னாலும் தாழ்த்தியே செல்வோம். அவரது கண்ணாடி வழியே அந்த ஒளி அவர் கண்ணில்தான் விழும். எதிரே வருபவர் தாழ்த்தாவிட்டால், அவரது விளக்கைப் பாராமல் நமக்கு இடப்புறம் உள்ள வெள்ளைக் கோட்டைப் பார்த்து, வேகத்தைக் குறைப்போம். முன்கண்ணாடியை வெளியே மட்டுமன்றி உள்ளேயும் துடைப்போம். அங்கே படியும் மெல்லிய அழுக்கு ஒவ்வொரு ஒளியையும் பூவாக விரிக்கும். இரவுக்கென்று விற்கப்படும் மஞ்சள் கண்ணாடிகள் வரும் ஒளியைக் குறைக்கின்றனவே அன்றி, இருளில் நிற்பவரைக் காட்டுவதில்லை. நாற்பதைக் கடந்தவர்கள், குறிப்பாகச் சர்க்கரை நோய் உள்ளவர்கள், கண்ணை ஆண்டுக்கொரு முறை காட்டுவது நல்லது.

சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ரமலானில் தராவீஹ் முடிந்து கறுப்பு புர்காவில் சாலையோரமாக நடந்து வருகிறீர்கள். கூசிய கண்ணுக்குக் கறுப்பு உடை தெரியவே தெரியாது. கையில் ஒரு சிறு டார்ச் இருக்கட்டும். கைப்பையில் ஒளிரும் பட்டை ஒன்றை ஒட்டிக்கொள்ளுங்கள். வாகனங்களை எதிர்கொண்டு நடங்கள். பிள்ளைகளைச் சாலைப் பக்கம் விடாதீர்கள்.

இறுதியாக ஒன்று. அல்லாஹ்விடம் தவ்பா செய்தோம். ஆனால் அடியானின் ஹக்கு, அந்த அடியான் மன்னிக்காமல் தீராது. தன் சகோதரனுக்கு அநீதி இழைத்தவன், தீனாரும் திர்ஹமும் பயன்படாத நாள் வருமுன் இன்றே அதைத் தீர்த்துக்கொள்ளட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததாகப் புகாரீயில் காண்கிறோம். பழைய பல்பையே திரும்ப மாட்டிய பிறகு, அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பெரியவரின் வீட்டைத் தேடிச் சென்றோம். முழங்கால் வீங்கியிருந்ததால் நான்கு நாட்களாக அவர் வியாபாரத்திற்குப் போகவில்லை. நமக்குச் ‘சிராய்ப்பு’ என்று தெரிந்தது, அவர் வீட்டில் நான்கு நாள் வருமானம்.

நடந்ததை மறைக்காமல் சொன்னோம். கோபத்தில்தான் விளக்கை ஏற்றினோம் என்பதையும் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். நான்கு நாள் வருமானத்தையும் கண்ணாடிக்கான செலவையும் கொடுத்தபோது, கண்ணாடிக்கு மட்டும் எடுத்துக்கொண்டார். மிகவும் வற்புறுத்திய பிறகே மீதியை அவர் மனைவி வாங்கிக்கொண்டார். விடைபெறும்போது பெரியவர் திண்ணையில் எழுதிக்கொண்டிருந்த ஒரு சிறுமியைக் காட்டினார்.

“மன்னிச்சுட்டேன் அசரத்து, மனசுல வச்சுக்காதீங்க. ஆனா ஒண்ணு. டியூஷன் விட்டு தினம் இவதான் என் வண்டியில பின்னால உக்காந்து வருவா. அன்னைக்கு லீவு.”

அந்த ‘லீவு’ என்ற சொல்லை நினைக்கும்போதெல்லாம் அல்ஹம்துலில்லாஹ் என்கிறோம். உடனே உடல் நடுங்குகிறது.

இப்போது இரவில் வண்டியை எடுக்கும் முன் பயண துஆவை ஓதுகிறோம். ஓதி முடித்ததும் கை அந்தத் திருகுக்குப் போகிறது. பின்னால் எத்தனை பேர், எவ்வளவு பாரம் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்கிறோம்.

யா அல்லாஹ்! எங்கள் பார்வையிலும் எங்கள் பாதையிலும் ஒளியைத் தருவாயாக! எங்கள் ஒளியால் பிறருக்குத் தீங்கு நேராமல் காப்பாயாக! இரவில் பயணம் செய்யும் ஒவ்வொருவரையும் அவர்தம் குடும்பத்தாரிடம் நலமாகச் சேர்ப்பாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.