ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட்

பெப்ரவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. வெளியே மைனஸ் 27 பாகை. பழைய பிக்கப் ஒன்று எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. இறங்கியவருக்கு எழுபதை நெருங்கும் வயது. கல்கரிக்குக் கிழக்கே இரண்டு மணி நேரம் தள்ளி, கோதுமையும் கனோலாவும் விளையும் பண்ணையொன்றில் இருந்து வந்திருந்தார். முன் இருக்கையில் தையல் போர்வை சுற்றிய மரப்பெட்டி. நித்திரையான பிள்ளையைத் தூக்குவதுபோல அதை மார்போடு அணைத்து எடுத்தார். கைகள் நடுங்கின. குளிருக்குத்தான் என்று நினைத்தேன். உள்ளே வந்து சுடச்சுடத் தேத்தண்ணி குடித்து அரைமணி நேரமாகியும் நடுக்கம் நிற்கவில்லை.

“நானே பூட்டினது. 1974இல். இப்போது இந்தக் கையால் சோல்டரிங் அயன் பிடிக்க ஏலாது” என்றார்.

போர்வையை விலக்கினேன். வரிசையாக உலோகத் தகடுகள், ஒவ்வொன்றிலும் திருகு குமிழ்கள், வயர் குத்துகிற துளைகள். ஒக்லஹோமா மாநிலத்தின் பையா நிறுவனம் அந்த நாட்களில் மொடியூலர் சிந்தசைசரை உதிரிப் பாகங்களாக அஞ்சலில் அனுப்பிக்கொண்டிருந்தது. படத்தைப் பார்த்து வீட்டில் நாமே பூட்ட வேண்டும். மூக், ஆர்ப் போன்ற பெரிய பெயர்கள் பல்லாயிரம் டொலர் கேட்ட காலம் அது. வைக்கோல் கட்டி உழைத்த காசில், பதினேழு வயதில், ஒவ்வொரு மொடியூலாக வாங்கியிருக்கிறார். குமிழ்களைச் சுற்றிப் பென்சிலால் கோடுகள் போட்டிருந்தார். இந்தக் கோட்டில் நிறுத்தினால் இந்த ஒலி என்று ஒரு பையன் தனக்காகப் போட்ட கணக்கு.

இன்றைக்குக் கடையில் ஒரு கீபோர்ட் வாங்கினால் நூறு வாத்தியம் உள்ளே தயாராக இருக்கும். மொடியூலரில் அப்படி எதுவுமே இல்லை. ஒலியைப் பிறப்பிக்கும் ஒசிலேட்டர் தனி. அதன் கூர்மையைச் சீவும் ஃபில்டர் தனி. சத்தத்தை ஏற்றி இறக்கும் அம்பிளிஃபயர் தனி. வயர் குத்தி உறவு ஏற்படுத்தும்வரை ஒன்றையொன்று அறியாது. அந்த வயர்களில் ஒலி ஓடுகிறது, கட்டளையும் ஓடுகிறது, இரண்டுமே மின்னழுத்தம்தான். ரொபர்ட் மூக் 1964இல் நியூயோர்க் மாநிலத்துச் சிற்றூரான ட்ரூமன்ஸ்பேர்க்கில், இசையமைப்பாளர் ஹேர்பேர்ட் டொய்ச்சோடு சேர்ந்து உருவாக்கிய முறை இது: ஒரு வோல்ட் கூட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். கீழ் ஷட்ஜத்துக்கு இரண்டு வோல்ட் என்றால் மேல் ஷட்ஜத்துக்கு மூன்று. பையாவின் வழி வேறு. அதில் ஒவ்வொரு ஸ்தாயிக்கும் மின்னழுத்தம் இரட்டிக்க வேண்டும்.

மின்னழுத்தம் சுருதியை ஏற்றும் இறக்கும் என்பதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1990களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி கொண்டுவரத் தடை. மண்ணெண்ணெய் கிடைப்பது அருமை; ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைப் பின் டயரில் அழுத்தி, நாலு டயோட்டும் ஒரு கொண்டென்சரும் போட்டு ரேப் ரெக்கோடருக்கு வயர் இழுப்போம். பெடலைக் கையால் சுற்றுவது என் பொறுப்பு. எங்களிடம் ‘புன்னகை மன்னன்’ கசெட் இருந்தது. 1986இல் வந்த அந்தப் படத்துக்கு இளையராஜா கணினியைக் கொண்டு இசை செய்திருந்தார். அதில் வரும் சில ஒலிகள் எந்த வாத்தியத்தில் இருந்து பிறக்கின்றன என்று எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் தெரியாது. என் கை சோர்ந்தால் நாடா மெதுவாகும், பாட்டு முழுவதும் அப்படியே சரியும்.

“சுருதி இறங்குது, சுத்தடா” என்று அம்மம்மா திண்ணையில் இருந்து சொல்லுவா.

அந்த டைனமோ இணைப்பை எனக்குக் காட்டித் தந்தவர் சந்தியில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்த அண்ணை. கடைக்கு வரும் எந்தப் பெட்டியையும் அவர் உடனே திறக்கமாட்டார். காதை வைத்து அது என்ன சொல்கிறது என்று கேட்பார். “முதல் கேள். பேந்து கழட்டு.” அவர் சொல்லித் தந்த பாடம் முழுவதும் அவ்வளவுதான்.

கனடாவுக்கு வந்து ரொறன்ரோவில் சில வருடம், பிறகு வேலைக்காகக் கல்கரி. எண்ணெய்க் கிணறுகளில் பொருத்தும் அளவுக் கருவிகளின் மின்சுற்றுப் பலகைகளைத் திருத்துகிறேன். பலகை பழுதென்றால் பெரும்பாலும் முழுதாக மாற்றிவிடச் சொல்வார்கள். ஒரு கொண்டென்சரைத் தேடிப் பிடித்து மாற்றுகிற நேரத்துக்கு அங்கே பெறுமதி இல்லை. கை பழகிய தொழில் மனதுக்கு எட்டாமல் போய்க்கொண்டிருந்தது. 2018இல் ஒருநாள் மகள் பள்ளிக்கூடச் சுற்றுலா போய்வந்து சொன்னாள்: “அப்பா, அங்கே ஓர் அறை முழுக்க ரேடியோ மாதிரி ஒன்று இருக்கு. நீங்கள் கட்டாயம் பார்க்க வேணும்.”

அவள் போய்வந்தது ஸ்ரூடியோ பெல். கல்கரியின் ஈஸ்ட் வில்லேஜில், 2016இல் திறந்த, சுடுமண் ஓடு போர்த்திய கட்டடம். தேசிய இசை மையம் அதில்தான் இயங்குகிறது. அவள் பார்த்ததன் பெயர் ‘டொன்ரோ’. ரொபர்ட் மார்கோலெஃப் வைத்திருந்த ஒரு மூக் மொடியூலரில் இருந்து தொடங்கி, அவரும் மல்கம் செசில் என்ற ஆங்கிலேய ஜாஸ் பேஸ் கலைஞரும் வளர்த்தெடுத்த இயந்திரம். மூக்கோடு ஆர்ப், ஓபர்ஹைம், சேர்ஜ், செசில் தன் கையால் செய்த மொடியூல்கள் என்று எல்லாம் சேர்ந்து ஆளுயரத்துக்கு வளர்ந்து, வாசிப்பவரைச் சுற்றி வளைந்து நிற்கிறது. 1971இல் 21 வயது ஸ்டீவி வொண்டர் இவர்களின் ‘ஸீரோ டைம்’ இசைத்தட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நியூயோர்க் ஸ்ரூடியோவுக்குத் தேடி வந்தார். ‘மியூசிக் ஒஃப் மை மைன்ட்’ தொடங்கி அவருடைய நாலு இசைத்தட்டுகள் இந்த இயந்திரத்தோடு பிறந்தன. கண்பார்வையற்ற ஓர் இளைஞன், அத்தனை நூறு குமிழ்களின் முன்னால், எந்தக் குமிழ் எங்கே போகிறது என்பதைக் காதால் சொல்லிக்கொண்டிருந்தான் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

2013இல் இது கல்கரிக்கு வந்து சேர்ந்தபோது வாசிக்கும் நிலையில் இல்லை. இசை மையத்தின் தொழில்நுட்பர் ஜோன் லைம்சைடர் அதைத் திரும்பவும் பாட வைத்தார். 2018இல் வேலை நிறைவேறியது. அதே ஆண்டில் அவர் காலமானார். அவருடைய கைப்பணியின் முன்னால் போய் நின்ற எனக்கு அவரைச் சந்திக்க வாய்க்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

அந்த வேலை எவ்வளவு கடினம் என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். கட்டையை அழுத்தியதும் ‘தொடங்கு’ என்று ஒரு சைகை போக வேண்டும். ஆர்ப் கருவிகளில் மின்னழுத்தம் உயர்ந்தால் அதற்குத் ‘தொடங்கு’ என்று பொருள். மூக்கில் மின்னழுத்தம் நிலத்தோடு சேர்ந்து பூச்சியமானால்தான் ‘தொடங்கு’. ஒருவருக்கு ஆம் என்பது மற்றவருக்கு இல்லை. இப்படிப்பட்டவர்களை ஒரே கூரையின் கீழ் சேர்த்துப் பாட வைக்க நடுவில் மொழிபெயர்ப்புச் சுற்றுகள் வேண்டும். எந்த வயர் எங்கே, எதற்காக என்பது செசிலின் மூளையிலும் அவர் கைபட்ட ஈயப் பொட்டுகளிலும் இருந்தது. லைம்சைடர் அதைப் பொட்டுப் பொட்டாக வாசித்திருக்கிறார்.

பழைய கருவிகளைத் திருத்துகிறவர்கள் ‘முதல் இருந்தபடியே’ என்று அடிக்கடி சொல்வார்கள். டொன்ரோவுக்கு எது முதல்? வெறும் மூக்காக இருந்த நாளா, ‘இன்னர்விஷன்ஸ்’ பதிவான 1973ஆ, அதற்குப் பிறகு செசில் சேர்த்துக்கொண்டே போன பத்தாண்டுகளா? அதற்கு ஓர் ஊர் இல்லை, ஒரு பிறந்தநாள் இல்லை. ஓடிக்கொண்டிருந்த காலம் முழுவதும் மாறிக்கொண்டே இருந்தது. கண்ணாடிக்குள் பூட்டி வைத்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திராது. வாசிக்கக் கொடுப்பது என்று முடிவெடுத்ததால்தான் எழுகிறது, அந்த முடிவு சரியானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திருத்தி முடித்த பின் அதில் இசை செய்தவர்களில் அப்போது ‘எ ட்ரைப் கால்ட் ரெட்’ என்ற பெயரில் இயங்கிய ஒட்டாவாவின் பூர்வகுடிக் குழுவும் உண்டு.

டொன்ரோவைப் பார்த்த அன்றைக்கே வீடு திரும்பி, படிக்கத் தொடங்கினேன். இந்த நாட்டுக்காரர் ஹியூ லெ கெய்னைக் கண்டுபிடித்தது அப்போதுதான். மூக்குக்கு ஏறக்குறைய இருபது வருடம் முந்தியே, 1945இல், ஒட்டாவாவில் அவர் ‘எலெக்ரோனிக் சாக்பட்’ செய்யத் தொடங்கிவிட்டார். மின்னழுத்தத்தால் ஒலியை ஆளும் முதல் சிந்தசைசர் என்று அதைச் சொல்வார்கள். அதன் கட்டையைப் பக்கவாட்டில் தள்ளினால் சுருதி வளையும், ஆழ அழுத்தினால் சத்தம் கூடும். கமகம் பிடிக்கக்கூடிய ஒரு கீபோர்ட்! இன்று நம் வீடுகளில் பிள்ளைகள் பழகும் கீபோர்ட்டுகள் பலவற்றில் அது இல்லை. லெ கெய்ன் 1955இல் ஒரேயொரு நீர்த்துளி விழும் ஓசையை ஒலிநாடாவில் பதிந்து, அதையே வேகம் மாற்றி மாற்றி ‘ட்ரிப்சொடி’ என்ற முழு இசைக்கோவையைச் செய்தார். நாடாவின் வேகம் மாறினால் சுருதி மாறும். எனக்குத் தெரிந்த மனிதராகிவிட்டார்.

பிறகு நிலக்கீழ் அறையில் ஒரு மேசை, அலைகாட்டி, பழைய சிந்தசைசர்களின் சுற்றுப்படங்கள். தெரிந்தவர் மூலம் தெரிந்தவர் என்று பெட்டிகள் வரத் தொடங்கின. ஆர்ப் தன் முக்கியமான சுற்றுகளைப் போட்டியாளர் பார்க்காதபடி பிசினுக்குள் புதைத்து உறைய வைத்தது. ஐம்பது வருடம் கழித்து அது பழுதானால் கல்லுக்குள் இருப்பதைத் தோண்டுகிற பாடு. கல்கரிக் குளிர்காலத்தில் காற்று அப்படி வறண்டு கிடக்கும். கம்பளத்தில் நாலடி நடந்து கதவுப் பிடியைத் தொட்டாலே பொறி பறக்கும். அந்தப் பொறி ஒரு பழைய சில்லைக் கொன்றுவிடும். மணிக்கட்டில் நிலவயர் கட்டாமல் மேசையில் உட்காருவதில்லை. சுருதி சேர்ப்பது எல்லாவற்றிலும் பொறுமையான வேலை. ட்ரான்சிஸ்டரில் சுமார் 18 மில்லிவோல்ட் கூடினால் மின்னோட்டம் இரட்டிக்கிறது. மூக்கின் ஸ்தாயிக் கணக்கு அந்த இயல்பின் மேல் நிற்கிறது. அந்த 18, வெப்பத்தோடு நகரும். மலையில் இருந்து சினூக் காற்று இறங்கினால் இங்கே சில மணி நேரத்தில் இருபது பாகை ஏறிவிடும். வீட்டுச் சூடு அதற்கேற்ப ஏறி இறங்கும். காலையில் சேர்த்த சுருதி மத்தியானம் விலகியிருக்கும். தம்புராவைக் கச்சேரி நடுவிலும் சரிபார்க்கிறவர்களுக்கு இது புதினமில்லை.

பண்ணைக்காரரின் பெட்டிக்கு வருகிறேன். முதல் கேட்டேன். கட்டைகள் மூன்று ஊமை, குமிழ்கள் கரகரத்தன, அடியில் மின்வழங்கியின் உறுமல். உறுமலுக்குக் காரணம் காய்ந்துபோன கொண்டென்சர்கள், மாற்றினேன். துளைகளின் உட்புறம் கறுத்திருந்தது, துடைத்தேன். பென்சில் கோடுகளின் மேல் துணி படாமல் பார்த்துக்கொண்டேன். இதெல்லாம் முடிந்தும் ஒரு குறை நின்றது. எந்தக் கட்டையையும் அழுத்தாதபோதும் மெல்லிய ரீங்காரம் ஒன்று கசிந்துகொண்டிருந்தது. அம்பிளிஃபயர் முழுதாகச் சாத்தவில்லை. பலகையைக் கழற்றிப் படத்தோடு ஒப்பிட்டபோது பிடிபட்டது. மண்ணிறம், கறுப்பு, சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் மண்ணிறம், கறுப்பு, செம்மஞ்சள். ஆயிரம் ஓமுக்குப் பதில் பத்தாயிரம். குசினி மேசையில், மஞ்சள் வெளிச்சத்தில், பதினேழு வயதுக் கண்ணுக்குச் சிவப்பும் செம்மஞ்சளும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. சரியான ரெசிஸ்டரைப் போட்டேன். கட்டையை விட்டதும் ஒலி கத்தரித்தாற்போல் நின்றது. மனது நிறைந்தது.

இரண்டு கிழமை கழித்து அவர் வந்தார். கதிரையை இழுத்துப் போட்டு, வயர்களைத் தானே குத்தினார். நேரமெடுத்தது. குமிழ்களைப் பென்சில் கோடுகளுக்குக் கொண்டுவந்து ஒரு கட்டையை அழுத்தினார், விட்டார். அறை அமைதியானது. திரும்ப அழுத்தினார், விட்டார். முகம் மலரவில்லை.

“அடியில் ஒன்று இருக்கும்” என்றார். “எப்போதும் இருக்கும். அது இல்லையே.”

நான் கண்டுபிடித்த பிழையைச் சொன்னேன். அவருக்கு அது இதுவரை தெரியாது. பெட்டி அப்படித்தான் பாடும் என்று நினைத்து, அந்தக் கசிவின் மேல்தான் தன் மெட்டுகள் எல்லாவற்றையும் கட்டியிருக்கிறார். கட்டையை மாற்றும்போது அடிநாதமும் கூடவே மாறும். அது அடங்கிக் கேட்கும்படி மெல்ல வாசிப்பாராம். ஆயுள் முழுவதும் அவர் சுருதிப்பெட்டி வைத்து வாசித்திருக்கிறார். நான் அதைத் திருத்தி அணைத்துவிட்டேன்.

பழையதை நான் எறியவில்லை. எடுக்கும் ஒவ்வொரு பாகத்தையும் சிறு உறையில் போட்டு, எங்கிருந்து எடுத்தது என்று எழுதி வைப்பது கடை அண்ணையிடம் பழகியது. உறையைத் திறந்து, அந்தச் செம்மஞ்சள் கோட்டுக்காரனை எடுத்து, கால்களை நிமிர்த்தி, அது ஐம்பது வருடம் இருந்த துளைகளிலேயே வைத்தேன். அவர் பக்கத்தில் வந்து குனிந்து நின்றார். ஈயம் உருகி மினுங்கி உறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாசனையை நன்றாக மூச்சிழுத்தார்.

ஆளியைப் போட்டதும் ரீங்காரம் வந்தது. நூல் மாதிரி. அவர் வாசிக்கத் தொடங்கினார். நடுங்கும் விரல் கட்டையில் பட்டபோது ஒவ்வொரு சுரமும் இரண்டு மூன்று தரம் துடித்து எழும்பியது, அடியில் அந்த நூல் அறுபடாமல் ஓடியது. என் மனைவி மேலே சமையலை விட்டுப் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தா. எவ்வளவு நேரம் என்று நாங்கள் பார்க்கவில்லை.

போகும்போது பெட்டியைப் பிக்கப்பின் முன் இருக்கையில் வைத்துப் போர்வையைச் செருகினார். பிறகு சீற் பெல்ற்றை அதன் குறுக்கே இழுத்துப் பூட்டப் பார்த்தார். கொக்கி இரண்டு தரம் வழுக்கியது. நான் கையை நீட்டவில்லை, பனியில் நின்றுகொண்டிருந்தேன். மூன்றாம் தரம் ‘டிக்’ என்று விழுந்தது.