இறங்கியது எதற்கு

சின்ன வயதில் நான் பார்த்த முதல் ஹெலிகாப்டர், ஒரு தேர்தல் சமயத்தில் ஒத்தக்கடைப் பக்கம் ஒரு பொட்டலில் இறங்கியது. பார்த்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. புழுதி எழுந்து எல்லோரையும் மூடியது. கீற்றுப் பந்தல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கண்ணைத் திறந்தபோது அது சாதுவாக நின்றுகொண்டிருந்தது. சுழற்சி ஓய ஓய இறக்கைகளின் நுனிகள் மெல்லத் தாழ்ந்தன. வந்த தலைவர் யார் என்பது மறந்துவிட்டது. அந்தத் தாழ்வு மறக்கவில்லை.

கடைகளில் விற்கும் ஹெலிகாப்டர் பொம்மைகளில் இறக்கைகள் ஸ்கேல் வைத்தது போல் நேராக இருக்கும். அது பொய். நீண்டு மெலிந்த இறக்கை நிற்கும்போது தன் பாரத்தாலேயே தொங்கும்; சுழலும்போது விறைத்து, தூக்கும் பாரத்தின் விகிதத்துக்குச் சற்றே மேல்நோக்கி வளையும். அடியில் கீல் வேறு உண்டு. இயந்திரம் முன்னே போகும்போது, முன்னோக்கி வீசும் இறக்கைக்குக் காற்று அதிகமாகக் கிடைக்கிறது, பின்வாங்கும் இறக்கைக்குக் குறைவு. இறக்கைகளை இறுக்கிக் கட்டியிருந்தால் இந்த வித்தியாசமே இயந்திரத்தைப் புரட்டிவிடும். ஏறி இறங்க அவற்றுக்கு இடம் கொடுத்தால் போதும் என்று 1920களில் கண்டுகொண்டவர் ஸ்பெயின் நாட்டு யுவான் த லா சியர்வா. ஆடவிட்டதால் நிலைத்தது.

என் மேஜையில் இருப்பது ஸிகார்ஸ்கி ஆர்-4. 1942 ஜனவரியில் முதல் மாதிரி பறந்தது. அமெரிக்க ராணுவத்துக்காக வரிசையாகத் தயாரிக்கப்பட்ட முதல் ஹெலிகாப்டர். என்னுடையது இருபத்து நாலில் ஒரு பங்கு. ஓரடி அரை அங்குலமாகிறது. அசலில் 38 அடி விட்டத்துக்குச் சுழலும் மேல் ரோட்டர் இங்கே 19 அங்குலம். பெட்டியில் வரும் பாகங்களை வாங்கி ஒட்டியதல்ல. அசலின் உடல் எஃகுக் குழாய்களால் ஆன எலும்புக்கூடு, மேலே துணி. ஆகவே மூங்கில் சீவலும் பட்டக் காகிதமும் எனக்குப் போதுமாயின. இறக்கைக்கு அசலில் எஃகுத் தண்டு, மர விலாக்கள், துணி. என்னிடம் சைக்கிள் ஸ்போக், ஈர்க்குச்சி, காகிதம். ஸ்போக் தன் பாரத்தால் வளையாது. கட்டைவிரலால் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்தேன். மூன்று இறக்கைகளும் ஒரே அளவு தொங்க வேண்டும். இதற்கு மட்டும் மூன்று வாரங்கள்.

ஏன் ஆர்-4 என்று கேட்ட நண்பர்களுக்கு லாலாகாட் கதையைச் சொல்வேன். லாலாகாட் அஸ்ஸாமில் இருக்கிறது. 1944இல் விங்கேட்டின் சிண்டிட் படை பர்மாவில் ஜப்பானியர் வரிசைகளுக்குப் பின்னால் சண்டையிட்டபோது, அதற்குத் துணையாக இருந்த அமெரிக்க விமானப் பிரிவிடம் இந்த இயந்திரங்கள் சில இருந்தன. ஏப்ரலில், காயம்பட்ட மூன்று பிரிட்டிஷ் சிப்பாய்களை ஏற்றிச் சென்ற சிறு விமானம் ஒன்று எதிரிப் பகுதியில் விழுந்தது. விமானியோடு நான்கு பேர். சாதாரண விமானம் இறங்க அங்கே இடமில்லை. கார்ட்டர் ஹார்மன் என்ற இளைஞர் லாலாகாட்டிலிருந்து ஒரு ஆர்-4ஐ மலைகளுக்கு மேலாகப் பல கட்டங்களாக ஓட்டிக்கொண்டு போனார். இருநூறு குதிரைத் திறன்கூட இல்லாத எஞ்சின். வெப்பத்தில் காற்று இளகிக் கிடக்க, விமானியைத் தவிர ஒருவரைத்தான் அதனால் தூக்க முடிந்தது. ஒவ்வொருவராக எடுத்து, சிறு விமானம் இறங்கக்கூடிய ஒரு மணல் திட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஏப்ரல் 25ஆம் தேதி இருவர். அதற்குள் எஞ்சின் சூடேறிப் படுத்துவிட்டது. இரவு முழுதும் இயந்திரம் மணல் திட்டிலேயே கிடந்தது. மறுநாள் மற்ற இருவர். போரில் ஹெலிகாப்டர் செய்த முதல் மீட்பு என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

இந்த ஹார்மன் போருக்குப் பிறகு நியூயார்க் டைம்ஸிலும் டைம் பத்திரிகையிலும் இசை பற்றி எழுதினார். தானும் இசையமைத்தவர். 1956இல் இசை வரலாறு பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். 2007இல் இறந்தார். அந்த இரைச்சலுக்குள் உட்கார்ந்திருந்தவர் ஒரு விமர்சகர் என்பதில் எனக்கு அற்ப சந்தோஷம் உண்டு. இந்த வட்டத்தில் விமர்சகனைப் பற்றி நிலவும் அபிப்பிராயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவனும் ஒரு ஆளைத் தூக்கி வந்து சேர்த்திருக்கிறான்.

நான் செய்ய நினைத்தது அந்த மணல் திட்டு இரவை. எஞ்சின் அணைந்து, இறக்கைகள் தொங்கி, ஒற்றை இயந்திரம். சோழவந்தான் பக்கம் போய் ஒரு பை வைகை மணல் கொண்டுவந்தேன். மணலை இருபத்து நாலில் ஒன்றாக்க முடியாது; ஒவ்வொரு பரலும் கூழாங்கல்லாகத் தெரிந்தது. மாவுச் சல்லடையில் சலித்தேன், பிறகு வேட்டித் துணியில் சலித்தேன். சக்கரம் பதிந்த தடம்கூடப் போட்டாயிற்று. வால் பக்கத்துச் சின்ன ரோட்டருக்கும் மூன்று இறக்கைகள் வைத்தேன். அது இல்லாவிட்டால் மேல் ரோட்டர் ஒரு பக்கம் சுற்ற, உடல் மறு பக்கம் சுற்றிவிடும். 'நீ கவிதையிலும் ஆணி எண்ணுகிறவன்' என்று ஒரு கவிஞர் என்னைப் பற்றிச் சொன்னதாகக் காதில் விழுந்தது. அவருடைய தொகுதிக்கு நான் எழுதிய மதிப்புரையில், ஸ்தூலமான விவரம் இல்லாத அனுபவம் வெறும் ஆவி என்று முடித்திருந்தேன். அதில் எனக்கு வருத்தம் இருக்கவில்லை. மாறாக, என் கட்சிக்கு இந்த மணல் திட்டே சாட்சி என்று நினைத்துக்கொண்டேன்.

பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வர்ணம் அடிக்க ஆனையூர் முகாமிலிருந்து ஒரு பெயிண்டர் வந்தார். 1990இல் தலைமன்னார் பக்கமிருந்து படகில் ராமேஸ்வரம் வந்து இறங்கியவர். அப்போது பதினான்கு, பதினைந்து வயது. மேஜையைச் சுவரிலிருந்து நகர்த்தும்போது ஹெலிகாப்டரைப் பார்த்தார். காகித உடம்புக்கு நான் அடித்திருந்த பச்சையைப் பார்த்து, "பட்டாளத்துப் பச்சை இது இல்ல சார்" என்றார். பச்சை டப்பாவைத் தொடவே இல்லை. மஞ்சளில் கறுப்பைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினார். புகைப்படங்களில் பார்த்துப் பார்த்து எனக்குக் கிடைக்காத நிறம் ஒரு கொட்டாங்கச்சியில் வந்து நின்றது.

"அண்ணே, இந்த நிறம் எப்படித் தெரியும்?"

"கீழ நிண்டு பார்த்த நிறம்தானே." தூரிகையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "இதுக்குத் துவக்கு இல்லையா?"

இல்லை, இது ஆளைத் தூக்கிக் காப்பாற்ற வந்தது என்று மணல் திட்டுக் கதை முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு மணலைப் பார்த்தார். "ஆக்கள் எங்க?"

இது ஆட்கள் இல்லாத இரவு என்றேன்.

"ஆக்கள் இல்லாட்டி இது எதுக்கு இறங்கினது எண்டு எப்பிடித் தெரியும்?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் சுவருக்குத் திரும்பிவிட்டார். அவர் ஊரில் 1980களில் மேலே வட்டமிட்டது இலங்கை விமானப் படையின் பெல் 212, பக்கவாட்டில் துப்பாக்கியோடு. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இரவோடு இரவாகச் சிப்பாய்களை இறக்கியது எங்கள் நாட்டு எம்.ஐ.-8. அவற்றிலும் இறக்கைகள் தொங்கும். வாலில் சின்ன ரோட்டர் இருக்கும். ஆணியை எண்ணிப் பார்த்தால் எதிலும் குறை இராது. என் விவரங்கள் எல்லாமே இயந்திரத்தைப் பற்றியவை. அது யாருக்காக வந்தது என்று சொல்ல அதில் ஒரு விவரமும் இல்லை. ஹார்மன் பெயர் எனக்குத் தெரியும், எஞ்சினின் பலம் தெரியும். அந்த மூன்று சிப்பாய்களின் பெயர்கள் தெரியாது. தேடவேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை.

மணலைக் கொட்டிவிட்டேன். மணல் திட்டுக்கு முந்திய கட்டத்துக்குப் போனேன்: காட்டோரத்து வெளி, இயந்திரம் வந்து இறங்கிய கணம், காத்திருப்பவர்கள். வைக்கோலை நறுக்கித் தரையில் ஒட்டினேன். ஆட்களை நெட்டியில் செதுக்கினேன். தஞ்சாவூர்ப் பக்கம் கோபுரம் செய்யும் அதே நெட்டி. பிளேடு பட்டால் வெண்ணெய் போல் விட்டுக்கொடுக்கும். ஆறடி ஆள் மூன்று அங்குலம். முகம் சுண்டுவிரல் நகத்தளவு. முகம் எனக்கு வரவில்லை. மூவரையும் இயந்திரத்தின் கதவுக்குப் பக்கத்திலேயே படுக்க வைத்தேன், ஏற்றுவதற்குத் தோதாக. விமானியை நிற்க வைத்தேன்.

இரண்டாம் பூச்சுக்கு வந்தபோது பெயிண்டர் குனிந்து பார்த்தார். நல்லாயிருக்கு என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. நான் இன்னும் ஒட்டாமல் வைத்திருந்த உருவங்களை, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்தார். ஒரு சாண் தள்ளி, காடு என்று நான் வைத்திருந்த குச்சிகளின் ஓரத்தில் வைத்தார். மூவரையும் குப்புறத் திருப்பினார்.

"கிட்டக் கிடக்கேலாது சார். காத்து அடிக்கும். மண்ணெல்லாம் கண்ணுக்குள்ள வரும்."

விமானியையும் படுக்க வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

ஒத்தக்கடைப் புழுதியில் நானும் கண்ணை மூடிக்கொண்டு நின்றவன்தான். அது எனக்கு ஞாபகம் வரவேயில்லை. நால்வரையும் அவர் வைத்த இடத்திலேயே ஒட்டிவிட்டேன். இப்போது முகங்கள் தெரிவதில்லை.