எங்கள் டிரில் மாஸ்டர்

செகந்திராபாத்தில் லாலாகுடா ரயில்வே குடியிருப்பைச் சுற்றி வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுள், எங்கள் டிரில் மாஸ்டரிடம் ஒரு முறையேனும் காதைக் கொடுத்துத் திருகு வாங்காதவர் அரிது. அவர் 2023-ஆம் ஆண்டு காலமானார். அவரைப் பற்றி நம் சங்கப் பத்திரிகையில் யாரேனும் எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். என்னைவிட நன்றாக எழுதக் கூடியவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால், அவரோடு பதினோரு ஆண்டுகள் பேசாமல் இருந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே இந்தக் கடன் என்னுடையது என்று துணிந்து எழுதுகிறேன்.

மாஸ்டரின் பாட்டனார் பட்டாளத்தோடு வட ஆர்க்காட்டிலிருந்து இங்கே வந்தவர். மாஸ்டர் பிறந்தது 1942-இல், இவ்வூரிலேயே. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, மைதானத்தில் உருது. கோபம் வந்தால் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். அரசாங்கப் பள்ளியில் தேகப்பயிற்சி ஆசிரியராக இருந்து 2000-இல் ஓய்வு பெற்றார். ஓய்வெல்லாம் காகிதத்தில்தான். மறுநாள் மாலையே விசிலும் பந்துமாக மைதானத்துக்கு வந்துவிட்டார் என்று என் தந்தையார் சொல்வார். அப்போது எனக்கு வயது பன்னிரண்டு.

அவருக்கு ஒரு குரு உண்டு. ஆனால் குருவோடு ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. சையது அப்துல் ரஹீம் என்ற பெயரை இன்றைய பிள்ளைகள் அறிவார்களோ என்னவோ! அவரும் பள்ளி ஆசிரியராக இருந்தவர்தாம். ஹைதராபாத் நகரப் போலீஸ் அணியைப் பயிற்றுவித்து, 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வெல்லச் செய்தார். அவர் பயிற்றுவித்த இந்திய அணி 1951-இல் டில்லியிலும் 1962-இல் ஜகார்த்தாவிலும் ஆசியப் போட்டியில் தங்கம் வென்றது. 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. ஜகார்த்தாவிலிருந்து திரும்பி ஓராண்டுகூட ஆகவில்லை. 1963 ஜூன் மாதம் புற்றுநோய்க்கு இரையானார். அவர் பயிற்சி அளித்ததை வேலிக்கு வெளியே நின்று பார்த்த சிறுவர்களில் எங்கள் மாஸ்டரும் ஒருவர்.

ஜகார்த்தாவில் ஆடிய துளசிதாஸ் பலராம், நம் செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடாவில் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். பின்னாளில் கல்கத்தாவில் பி.என்.ஆர். என்னும் ரயில்வே அணிக்கும் ஆடினார். அவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் மாஸ்டரின் குரல் தணிந்துவிடும். "காலுக்குப் பூட்ஸ் இல்லாத பிள்ளையடா அவன். ரஹீம் சாகேப் பூட்ஸையா பார்த்தார்? காலைப் பார்த்தார்!" என்பார்.

வலிமை குறைந்த காலால் மட்டுமே பந்தைத் தொடலாம் என்று விதி வகுத்துச் சிறுவர்களுக்குப் பந்தயங்கள் நடத்தியவர் ரஹீம். மாஸ்டர் அதைச் சனிக்கிழமைதோறும் எங்களுக்கு நடத்துவார். வலக்காலில் சிவப்புத் துணி கட்டிவிடுவார். சிவப்புக் கால் பந்தில் பட்டால் விசில். முதல் மாதம் முழுவதும் நாங்கள் நொண்டிக் கோழிகள் போல் மைதானத்தைச் சுற்றினோம். வேலி ஓரம் நின்ற பெண்பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது. ஆறு மாதத்தில் எனக்கு எந்தக் கால் வலது, எந்தக் கால் இடது என்பதே மறந்துவிட்டது.

இனி, என் கதைக்கு வருகிறேன். 2003 டிசம்பரில் பதினான்கு வயதுக்கு உட்பட்டோருக்கான பந்தயம் ஒன்று நடந்தது. எனக்கு அப்போது பதினைந்து முடிந்திருந்தது. உருவத்தில் நான் சிறியவன். என் மாமா எங்கிருந்தோ ஒரு பிறப்புச் சான்றிதழ் வாங்கி வந்தார். அதன்படி நான் இரண்டு ஆண்டு இளையவன் ஆனேன். மாஸ்டர் அதைப் பார்த்து, படிவத்தில் கையெழுத்திட்டார். அரையிறுதியில் நாங்கள் இரண்டுக்கு ஒன்று என்று வென்றோம். இரண்டு கோலும் நான் போட்டவை. அதில் ஒன்று இடக்காலால்.

இறுதி ஆட்டத்துக்கு முந்தைய நாள், என் தாயார் மாஸ்டர் வீட்டு அம்மாளைப் பார்க்கப் போனார். "பையனுக்குப் பதினாறு நடக்கிறது, அக்கா. ஏழரைச் சனியோ என்னவோ, படிப்பில் மனமே செல்லவில்லை. எள் விளக்கு ஏற்றலாம் என்றிருக்கிறேன்" என்று குறைப்பட்டுக் கொண்டிருக்கிறார். மாஸ்டர் திண்ணையில் அமர்ந்து பந்துக்குக் காற்று அடித்துக் கொண்டிருந்தாராம்.

மறுநாள் பதினோரு பேரும் உடை அணிந்து நின்றோம். மாஸ்டர் நேரே நடுவரின் மேசைக்குச் சென்றார், ஏதோ சொன்னார், திரும்பி வந்து, "வீட்டுக்குப் போகலாம்" என்றார். பந்தை உதைக்காமலே எதிரணி கோப்பையை எடுத்துச் சென்றது. எங்கள் கோல்கீப்பர் பையன் மட்டும் கோல் கம்பத்தைக் கட்டிக் கொண்டு நெடுநேரம் வரவில்லை.

அன்றிரவு மாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் தந்தையார் அவரை உட்காரச் சொல்லவில்லை. அதன் பின் அவர் எதிரே வந்தால் நான் தெருவின் மறுபக்கம் நடப்பேன். 2007-இல் தந்தையார் பணியிலிருக்கும்போதே காலமானார். மாஸ்டர் சுடுகாடு வரை நடந்து வந்தார். அப்போதும் நான் பேசவில்லை. பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. கருணை அடிப்படையில் ரயில்வேயில் கலாசியாகச் சேர்ந்து, இலாகாத் தேர்வு எழுதிக் குமாஸ்தா ஆனேன்.

2014-இல் ஒருநாள் ரிசர்வேஷன் கவுண்டரில் ஒரு படிவம் என் கைக்கு வந்தது. சார்மினார் எக்ஸ்பிரஸ், சென்னை வரை. வயது என்ற இடத்தில் 72 என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அக்காலத்தில் அறுபது கடந்த ஆண்களுக்குக் கட்டணத்தில் நூற்றுக்கு நாற்பது சலுகை உண்டு. (2020 மார்ச்சில் அதை நிறுத்திவிட்டார்கள்.) வயதுக்கு அத்தாட்சி டிக்கெட் வாங்கும்போது காட்ட வேண்டியதில்லை, வண்டியில் காட்டினால் போதும். அவரோ அட்டையைக் கண்ணாடித் துளை வழியே நீட்டினார்.

"இங்கே வேண்டியதில்லை, சார்" என்றேன்.

"பரவாயில்லை, தம்பி. நீ பார்த்துக் கொள்" என்றார்.

பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கும் வரை நான் அந்த அட்டையைப் பார்த்துக் கொண்டிருந்தேன்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் அவர் திண்ணைக்குப் போகலானேன். ஒருநாள் கேட்டேவிட்டேன்: "தவறு செய்தவன் நான். மற்றப் பத்துப் பேர் என்ன செய்தார்கள், சார்?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. "அரையிறுதியில் தோற்ற பிள்ளைகளும் அழுதுகொண்டுதான் போனார்கள். அந்த இரண்டு கோலை எங்கே போய்த் திருப்பிக் கொடுப்பது?" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆனால் முதல் நாளே உன் தாயாரைக் கேட்டிருக்க வேண்டும். காகிதத்தைப் பார்த்தேனே ஒழியப் பையனைப் பார்க்கவில்லை. ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்ததடா" என்றார்.

கோல்கீப்பர் பையன் அன்றைக்குப் பின் மைதானத்துக்கு வரவே இல்லை. மாஸ்டர் மூன்று முறை அவன் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டாராம். நான்காம் முறை போனபோது அந்தக் குடும்பம் ஊரை விட்டே போயிருந்தது. அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் செய்தது சரியா என்று இன்று யாரேனும் கேட்டால், என்னைப் பொறுத்தவரை சரி என்பேன். அந்தப் பையனைப் பொறுத்தவரை என்ன சொல்வதென்று தெரியவில்லை.

2023 பிப்ரவரியில் பலராம் மறைந்த செய்தியைப் பத்திரிகையிலிருந்து கத்தரித்து, ரஹீமின் படத்துக்குக் கீழே ஒட்டி வைத்தார். சில மாதங்களில் அவரும் போய்விட்டார். மறு ஆண்டு ரஹீமின் வாழ்க்கை 'மைதான்' என்ற ஹிந்திப் படமாக வந்தது. என் மகனை அழைத்துச் சென்று பார்த்தேன். மாஸ்டர் இருந்திருந்தால் காட்சிக்குக் காட்சி விசில் ஊதி நிறுத்தியிருப்பார்.

அந்த விசிலை அம்மாள் என்னிடம் கொடுத்திருக்கிறார். பணி இல்லாத நாட்களில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் வருகிறார்கள். சிவப்புத் துணியும் உண்டு. பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கும்போது சான்றிதழ்களை வாங்கி வைத்துக் கொள்கிறேன். பிறகு வீடு வீடாகப் போய், காப்பி குடித்துக் கொண்டே, பையனுக்கு எத்தனை நடக்கிறது என்று தாயாரிடம் பேச்சுவாக்கில் விசாரிக்கிறேன்.