கட்டைவிரலுக்குத் தெரிந்தது

திங்கள், இரவு

மதியம் மேலாளருக்கு அனுப்பிய மின்னஞ்சல் அதிகாரமாகத் தொனித்திருக்குமோ? "சரி" என்று பதில் வந்துவிட்டது. இப்போது அந்த ஒற்றைச் சொல்லில் கோபம் இருக்கிறதா என்று மனம் குடைகிறது. படுத்தால் இன்னும் அதிகமாகிறது.

செவ்வாய்

கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலையில் இருக்கும் போதி ஜென்டோ என்ற ஜென் தியான மையத்துக்குப் போய்வந்த தோழி, உட்காரும் முறையைச் சொல்லிக்கொடுத்தாள். 1996இல் அந்த மையத்தைத் தொடங்கியவர் இயேசு சபைத் துறவி அமா சாமி. ஜப்பானில் ஜென் குரு யமதா கோவுனிடம் பௌத்தத் தியானம் பயின்றவர். கிறித்தவத் துறவி ஒருவரே கற்றுத்தந்திருக்கிறார் என்றால், நானும் என் சாமியைக் கும்பிட்டுக்கொண்டே உட்காரலாம்.

முழங்கால்கள் தரையில் பதிய வேண்டும். கண் பாதி திறந்திருக்க, இடது கை வலது உள்ளங்கைமேல். கட்டைவிரல் நுனிகள் தொட்டும் தொடாமலும். மூச்சு வெளியேறும்போது ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, இப்படிப் பத்துவரை. நடுவில் எண்ணிக்கை தவறினால் எங்கே விட்டோம் என்று தேடாமல் மறுபடி ஒன்று.

வியாழன்

யோசனையில் இழுபடும்போது கட்டைவிரல்கள் தளர்ந்து சரிகின்றன. பதற்றம் என்றால் ஒன்றையொன்று அழுத்திக் கூம்புகின்றன. நான் யோசிப்பது எனக்குத் தெரியும் முன்பே விரலுக்குத் தெரிந்துவிடுகிறது. விரலைச் சரிசெய்தால் போதும், மூச்சுக்குத் திரும்பிவிடலாம்.

சனி

"மனதைக் காலி செய்யுங்கள்" என்று போதிக்கும் காணொளிகள் என்னைப் போன்றவர்களுக்குக் கெடுதலே செய்கின்றன. காலியாகவில்லையே என்று அதையும் யோசிக்கத் தொடங்கிவிடுவோம். ஜென் கேட்பது வேறு: எண்ணம் வரட்டும், அதனோடு வாதாடப் போகாதே. எல்லாக் கோணத்திலும் அலசிவிட்டால் கெட்டது நடக்காது என்று உள்ளூர ஒரு நம்பிக்கை எனக்கு உண்டு. உட்காரும்போது அதுதான் ஆட்டம் காண்கிறது. அலசாமல் விட்ட விஷயம் அரைமணி கழித்தும் அப்படியே இருக்கிறது. ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

ஞாயிறு

இன்று சரியாக உட்கார்ந்தேனா என்று தோழியிடம் கேட்டேன். "மார்க் போடாதடி. மணி அடிக்கிற வரைக்கும் உட்காரு, அப்புறம் எழுந்து வேலையப் பாரு" என்றாள். அந்த விடுதலை எனக்குத் தேவைப்பட்டது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். யோசனையால் வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருப்பவர்கள், தனியாக உட்கார்ந்து பார்ப்பதற்கு முன்னால் தயவுசெய்து ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்.