சுற்றிச் சுற்றி வந்த பாக்கெட்

வங்கிகளுக்கு கிளியரிங் ஹவுஸ் எப்படியோ, இணையத்துக்கு எக்ஸ்சேஞ்ச் அப்படி. ஒவ்வொரு வங்கியும் மற்ற எல்லா வங்கிக்கும் தனித்தனியாக ஆள் அனுப்பிக் காசோலை மாற்றினால் கட்டுப்படியாகுமா? அதே கணக்குதான் இங்கேயும். நூற்றுக்கணக்கான நெட்வொர்க்குகள் பொதுவான சுவிட்சுகளில் வந்து சேர்ந்து, ட்ராஃபிக்கை நேரடியாகக் கொடுத்து வாங்குகின்றன. இதற்குப் பெயர் பியரிங். பெரும்பாலும் ஒருவருக்கொருவர் காசு கேட்பதில்லை.

ஆம்ஸ்டர்டாமின் ஏ.எம்.எஸ்-ஐ.எக்ஸ் இவற்றில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. 2015 மே 13 அன்று, பராமரிப்பு வேலையின்போது நடந்த தவறால் அங்கே ஒரு லூப் உருவானது. சில நிமிடங்கள்தான். அதற்குள் ட்ராஃபிக் சரிந்து, பல இணைப்புகள் அறுந்துபோயின.

லூப் ஏன் அவ்வளவு ஆபத்து? எல்லோருக்குமான பிராட்காஸ்ட் செய்தி வந்தால், சுவிட்ச் அதை வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லா போர்ட்டிலும் அனுப்பும். எங்கோ வளையம் விழுந்துவிட்டால் அது திரும்பி வரும், மறுபடியும் பெருகிப் போகும். ஐ.பி. பாக்கெட்டுக்கு டி.டி.எல். என்று ஆயுள் உண்டு. ரவுட்டருக்கு ரவுட்டர் ஒன்று குறையும். ஈதர்நெட் ஃப்ரேமுக்கு அது கிடையாது. சாகாவரம்!

கண்டுபிடிப்பது எப்படி? முதலில் எந்த போர்ட்டில் பிராட்காஸ்ட் எண்ணிக்கை எகிறுகிறது என்று பார்க்க வேண்டும். ஒரே மேக் முகவரி போர்ட் விட்டு போர்ட் தாவினால் லூப் என்று சந்தேகிக்கலாம். அந்த போர்ட்டை அணைத்ததும் புயல் அடங்கினால், குற்றவாளி சிக்கியாச்சு.

இதனால்தான் எக்ஸ்சேஞ்சுகளில் அத்தனை கெடுபிடி. பொதுவாக ஒரு போர்ட்டுக்கு ஒரே மேக் முகவரிதான். ஒரு உறுப்பினர் ரவுட்டருக்கு முன்னால் தன் சுவிட்ச் ஒன்றைச் செருகி, கம்பெனியிலிருந்து வந்த செட்டிங்கை அப்படியே விட்டுவிட்டால் என்ன ஆகும்? சுவிட்ச் தன் பங்குக்கு ஸ்பானிங் ட்ரீ செய்தி அனுப்பும். இரண்டாவது முகவரி தெரிந்ததும் போர்ட் முடங்கலாம். கேபிள் சரி, ரவுட்டர் சரி, இணைப்பு மட்டும் இல்லை!

வேடிக்கை என்னவென்றால், ஸ்பானிங் ட்ரீயை ராடியா பெர்ல்மன் 1985-இல் உருவாக்கியதே லூப்பைத் தடுக்கத்தான். ஆனால் வீட்டுக்குள் காவல் இருக்கும் நாய், பொதுச் சந்தையில் குரைத்தால் தொல்லைதானே? உறுப்பினர் அதைத் தன் எல்லையிலேயே நிறுத்த வேண்டும்.

தொழிலில் போட்டியாளர்கள், சுவிட்சில் பக்கத்து போர்ட்டுக்காரர்கள். ஒருவர் அசட்டையாக இருந்தால் நஷ்டக் கணக்கு எல்லோர் பெயரிலும் ஏறும்.