பெயரில்லாதவர்களின் முதல் தட்டு

சான் பிரான்சிஸ்கோவின் 16ஆம் தெரு மிஷன் நிலையத்தில் இறங்கும்போது என்னிடம் ஒரு முகவரி இருந்தது: 20, சிக்கமோர் தெரு. மிஷன் தெருவையும் வலன்சியா தெருவையும் குறுக்கே இணைக்கும் சின்னச் சந்து அது. அடுத்த சந்தான கிளாரியன் ஆலியின் சுவர்களில் 1992 முதல் ஓவியம் தீட்டி வருகிறார்கள். அங்கே நல்ல கூட்டம். சிக்கமோர் தெருவில் நான் மட்டும்தான் நின்றேன்.

லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டிலிருந்து கலிபோர்னியா வந்து சேர்ந்த சில நண்பர்கள், 1970களில் இந்த முகவரியில் தங்கி இசை செய்தார்கள். தாங்கள் யார் என்பதைச் சொல்லவேயில்லை. குழுவின் பெயர்கூட அவர்களாக வைத்ததில்லை. வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு ஒலிநாடா அனுப்பியபோது பெயர் எழுதாமல் விட்டிருந்தார்கள். அங்கிருந்தவர்கள் 'குடியிருப்போர்' என்று முகவரியிட்டுத் திருப்பியனுப்பினார்கள். அன்றிலிருந்து அவர்கள் 'தி ரெசிடென்ட்ஸ்'. இதைப் படித்த நாளில் எனக்குச் செம்புலப்பெயல்நீரார்தான் நினைவுக்கு வந்தார். பெயர் தெரியாத அந்தக் கவிஞரை அவர் பாட்டிலிருந்த உவமையைக் கொண்டே நாம் அழைக்கிறோம்.

1972 டிசம்பரில் அவர்களது முதல் வெளியீடான 'சாண்டா டாக்' வந்தது. ஏழு அங்குலத் தட்டுகள் இரண்டு. காப்பீட்டு நிறுவனத்தின் கிறிஸ்துமஸ் வாழ்த்தட்டை போன்ற உறை; நான்கு பாடல்களுக்கும் நான்கு கற்பனைக் குழுக்களின் பெயர்கள். சில நூறு படிகளே அச்சாயின. கடைக்குப் போடாமல் தபாலில் இலவசமாக அனுப்பினார்கள். அதிபர் நிக்சனுக்கு அனுப்பிய படி திரும்பி வந்துவிட்டதாம். இன்று சேகரிப்பாளர்கள் உயிரை விட்டுத் தேடுவது இதைத்தான். தட்டின் எண் 1272, அதாவது பன்னிரண்டாம் மாதம், 72ஆம் ஆண்டு. தேதியையே எண்ணாக்கும் வழக்கம் அவர்களுடையது.

முதல் எல்.பி. 'மீட் தி ரெசிடென்ட்ஸ்' 1974இல் வந்தது. பத்தாண்டுக்கு முன் அமெரிக்காவில் வெளியான 'மீட் தி பீட்டில்ஸ்' உறையை எடுத்து, நால்வர் முகத்திலும் பல்லும் நாக்கும் கிறுக்கியிருந்தார்கள். ஆயிரத்துச் சொச்சம் படிகள் அடித்தார்கள். முதல் ஆண்டில் விற்றவை 40 என்பார்கள். 1977இன் மறுபதிப்பில் உறை மாறியது: கோட்டுப் போட்ட மூன்று நன்னீர் இறால்கள், ஒரு நட்சத்திர மீன். ஒலியும் மாறியது. முதல் அச்சு மோனோ. மறுபதிப்பு ஸ்டீரியோ, சில நிமிடங்கள் குறைவு. அதனால்தான் இரண்டையும் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறோம். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

அன்று மாலை ஹெய்ட் தெருவிலுள்ள அமீபா கடைக்குப் போனேன். பழைய பௌலிங் கூடத்தில் நடக்கும் கடை. 'ஆர்' வரிசையில் விரலால் ஒவ்வோர் உறையாகத் தள்ளிக்கொண்டே போனேன். இறால் உறை வந்ததும் கை நின்றுவிட்டது. தட்டை உருவி வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பார்த்தேன். ஓரம் சற்றுத் தேய்ந்திருந்தது. தட்டு சுத்தமாக இருந்தது. வாங்கிவிட்டேன்.

தங்கியிருந்த வீட்டில் ஒரு பழைய தட்டுப்பெட்டி இருந்தது. ஊசியை வைத்தேன். நான்சி சினாட்ரா 1966இல் பாடிப் பிரபலமாக்கிய பாட்டொன்று கோணலாக, சிதைந்து கேட்டது. அதற்குப் பின் சுதி விலகிய பியானோவும் ஊதுகுழல்களும் பிள்ளை விளையாட்டு போன்ற குரல்களும். முதல் பக்கம் முடியும்வரை நான் அசையவில்லை. பாடுவது யார், வாசிப்பது யார் என்று ஒருமுறைகூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பகலெல்லாம் அந்தச் சந்தில் நின்று விடை தேடிய கேள்வி அது.

2018இல் காலமான ஹார்டி ஃபாக்ஸ்தான் குழுவின் முதன்மை இசையமைப்பாளர் என்பது அவருடைய கடைசிக் காலத்தில் வெளியே தெரிந்தது. அவரை நான் மதிக்கிறேன். ஆனாலும் அவர் நமக்கு விட்டுச்சென்ற பெரிய கொடை, அந்த 45 ஆண்டு மௌனம் என்பேன். பெயர் முன்னால் வந்தால் புகழும் வயதும் ஊரும் சேர்ந்து வந்து காதை அடைத்துவிடுகின்றன.

பழைய தட்டுக் கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெயர் தெரியாத தட்டு ஒன்றையாவது வாங்குங்கள். யாருடையது என்று தேடுவதற்கு முன்னால், இரண்டு பக்கத்தையும் ஒருமுறை முழுதாகக் கேட்டுவிடுங்கள்.