பேசாலைக்கு வந்த பொதி

மன்னார்த் தீவைக் காணவேண்டும் என்ற ஆவல் நமக்கு நெடுநாளாக உண்டு. ஆயினும் சென்ற மாதம் நம்மை அங்கே இழுத்துச் சென்றது பழைய கோட்டையுமன்று, புகழ்பெற்ற பெருக்க மரமுமன்று. உள்ளங்கையளவான ஒரு சிறு பொதியேயாகும்.

பேசாலையில் நம் பெரியம்மா ஒருவர் வாழ்ந்து வருகிறார். வயது 83. சில ஆண்டுகளுக்கு முன் அவர் லண்டனிலே தம் பேரனோடு தங்கியிருந்தபோது, காது கேட்கும் கருவியொன்றை அவருக்குப் பொருத்தியிருந்தார்கள். ஊர் திரும்பிய பின்னர், ஞாயிறுதோறும் பேரன் தொலைபேசியில் அழைப்பதும், இருவரும் அரை மணி நேரம் பேசுவதும் வழக்கமாயிற்று. சென்ற ஐப்பசியில் அக்கருவி பழுதுபட்டது. அதன்பின் பேரன் அங்கிருந்து தொண்டை கிழியக் கத்துவான், பெரியம்மாவோ, அவன் எதைக் கேட்டாலும், "நான் சுகம் அப்பு, நீ சாப்பிட்டியோ?" என்று ஒரே விடையைச் சொல்லித் தொலைபேசியை வைத்துவிடுவார். இரண்டு மாதத்தில் அரை மணி நேரப் பேச்சு அரை நிமிடமாகச் சுருங்கிப் போயிற்று.

பேரன் அதே வகைக் கருவி ஒன்றுக்குப் பணம் செலுத்தி, இங்கிலாந்திலுள்ள ஒரு கடையின் பண்டகசாலையிலிருந்து நேரே பேசாலைக்கு அனுப்புமாறு ஏற்பாடு செய்தான். பிறகு நமக்கு எழுதினான்: "மாமா, பொதி வரும்போது நீங்கள் அம்மம்மாவின் பக்கத்தில் இருக்கவேண்டும். கருவியைப் பொருத்திக் கொடுக்க அங்கே வேறு ஆளில்லை." கடிதத்தின் கீழே பொதியின் தேடல் எண்ணும் இருந்தது.

அந்த எண்ணைப் பற்றி நம் மாணவ நேயர்களுக்கு இங்கே சிறிது சொல்லுதல் தகும். வெளிநாட்டுத் தபாலில் வரும் ஒவ்வொரு பதிவுப் பொதிக்கும் பதின்மூன்று குறிகள் உண்டு. முதலில் இரண்டு ஆங்கில எழுத்துக்கள். நடுவே ஒன்பது இலக்கங்கள். ஈற்றிலே அனுப்பும் நாட்டின் பெயரைச் சுட்டும் இரண்டு எழுத்துக்கள். முதலெழுத்து 'ஆர்' ஆயின் பதிவுத் தபால். 'சி' ஆயின் பார்சல். 'ஈ' ஆயின் விரைவுத் தபால். ஈற்றில் 'ஜி.பி.' என்றிருந்தால் பிரித்தானியா, 'எல்.கே.' என்றிருந்தால் நம் இலங்கை. 1874 இல் பேர்ண் நகரிலே 22 நாடுகள் கூடித் தொடங்கிய சர்வதேச தபால் ஒன்றியத்தின் ஏற்பாடு இது.

ஒன்பது இலக்கங்களில் கடைசி இலக்கம் ஒரு காவற்காரன். 12345678 என்பது வரிசை எண் என்று வைத்துக்கொள்வோம். அவ்விலக்கங்களை முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 204 வரும். அதை 11 ஆல் வகுத்தால் மீதி 6. பதினொன்றிலிருந்து ஆறைக் கழித்தால் 5. ஆகவே ஒன்பதாம் இலக்கம் 5 ஆக இருத்தல் வேண்டும். (கழித்து வருவது 10 எனின் 0 என்றும், 11 எனின் 5 என்றும் கொள்வர்.) எழுதுவோர் ஓர் இலக்கத்தைப் பிழையாக எழுதினாலும், இரண்டை இடம் மாற்றி எழுதினாலும், பெரும்பாலும் கணக்குப் பொருந்தாமல் பிழை வெளிப்பட்டுவிடும். நாமும் பேரன் அனுப்பிய எண்ணைக் கடதாசியிலே பெருக்கிப் பார்த்தோம். கணக்குச் சரியாகவே இருந்தது. எண்ணில் பிழையில்லை. பிழை வேறோரிடத்தில் இருந்தது. அதைப் பின்னர்க் காண்போம்.

பொதியின் பயணத்துக்கு ஒன்பது படிகள் வகுத்திருக்கிறார்கள். தபாலில் ஏற்றல், அனுப்பும் நாட்டின் பரிமாற்று நிலையத்தை அடைதல், அதை விட்டுப் புறப்படுதல், பெறும் நாட்டின் பரிமாற்று நிலையத்தை அடைதல், சுங்கத்தார் கையில் நிற்றல், அங்கிருந்து விடுபடுதல், விநியோகிக்கும் கந்தோரை அடைதல், கொண்டு சென்றும் கொடுக்க இயலாமை, உரியவர் கையிற் சேர்தல். இவற்றுள் மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் இடையிலேதான் கண்டங்களும் கடல்களும் கிடக்கின்றன. ஆனால் கைத்தொலைபேசியின் திரையில் அவ்விடம் வெறும் வெற்று வரி! ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அண்மையில் லாங்லி என்னும் இடத்தில், பிரித்தானியாவை விட்டுச் செல்லும் தபாலை வகைபிரிக்கும் பெருங்கூடம் ஒன்று இருக்கிறது. நம் பொதி அதை விட்டுப் புறப்பட்டது என்ற செய்தி வந்தபின் ஆறு நாட்கள் ஒரு சொல்லும் இல்லை. ஏழாம் நாள் கொழும்பு மத்திய தபால் பரிமாற்றகத்தில் அது தலைகாட்டிற்று. அடுத்துச் சுங்கம். அதற்கடுத்து ஆறாம் படி: 'கொழும்பை விட்டது.'

அச்செய்தி கண்ட இரவே நாமும் மன்னார்ப் பேருந்தில் ஏறினோம். பொதியும் நாமும் ஒரே வீதியில் ஒருவர் பின் ஒருவராகப் போகிறோம் என்று எண்ண வேடிக்கையாக இருந்தது.

மதவாச்சியில் மேற்கே திரும்பிய வீதி, விடியும் வேளையில் திருக்கேதீச்சரச் சந்தியை அடைந்தது. அதன் அயலிலேதான் பண்டைய மாதோட்டத் துறைமுகம் இருந்தது. சீனத்துப் பீங்கானும் மேற்காசியப் பாண்டங்களும் அங்கே அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. கிழக்குத் திசைச் சரக்கும் மேற்குத் திசைச் சரக்கும் இக்கரையிலே கைமாறின. உலகத்துப் பொதிகளுக்கெல்லாம் ஒரு காலத்தில் பரிமாற்று நிலையமாய் இருந்த இடத்தில் இன்று பேருந்து ஒரு கணமும் தரிப்பதில்லை.

பிறகு கடலை ஊடறுத்துச் செல்லும் தாம்போதி. இருமருங்கும் ஆழமற்ற நீர். அதிலே பூநாரைக் கூட்டம். 1990 இல் போரிலே தகர்க்கப்பட்ட பாலத்துக்குப் பதிலாக 2010 இல் திறந்த பாலத்தைக் கடந்ததும் போர்த்துக்கேயர் 1560 இல் கட்டிய கோட்டை. அதன் பின்னே, வீதியின் நடுவில் நின்று பேருந்துக்கு வழிவிட மறுக்கும் மன்னார்க் கழுதைகள். பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரத்தையும் பார்த்துவிட்டே சென்றோம். சுற்றளவு 19.5 மீற்றராம், உயரமோ அதிற் பாதியும் இல்லை. ஆபிரிக்காவில் வளரும் மரம் இது. அராபிய வணிகர் கொண்டு வந்து நட்டனர் என்பது வழக்கு. எண்ணும் முத்திரையும் இல்லாமல் கடல் கடந்து வந்த பொதியல்லவா இதுவும்?

பேசாலையை அடைந்தபோது பெரியம்மா வாசலிலே நின்றார். நம் வாயையே உற்றுப் பார்த்து, "வந்திட்டுதோ தம்பி?" என்றார். இல்லையெனத் தலையசைத்தோம். "கொழும்பை விட்டது" என்று ஒரு கடதாசியில் எழுதிக் காட்டினோம். அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை. திரையிலே ஆறாம் படி அசையாமல் நின்றது. மூன்றாம் நாள் பெரியம்மா வாசலுக்கு வருவதையும் விட்டுவிட்டார். அது நமக்கு என்னவோ போல் இருந்தது.

வீட்டிலிருந்து தவிப்பதைவிட, தலைமன்னார்த் துறையைப் பார்த்து வருவோமென்று புறப்பட்டோம். கரையோரமாகச் சுழலும் காற்றாலைகளையும் பனங்கூடல்களையும் கடந்து தீவின் வடமேற்கு முனையை அடைந்தால், கடலுக்குள்ளே நீண்டு, துருவேறி, பலகை உதிர்ந்து நிற்கிறது அந்தப் பழைய இறங்குதுறை.

பாம்பன் பாலம் திறந்த 1914 ஆம் ஆண்டிலே இத்துறையும் உயிர் பெற்றது. சென்னை எழும்பூரில் ஒரே சீட்டு வாங்கினால் போதும். தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து கப்பல், தலைமன்னாரிலிருந்து கொழும்புக் கோட்டை வரை மறுபடியும் ரயில். 'போட் மெயில்' என்றே அதற்குப் பெயர். பயணிகளோடு இருநாட்டுத் தபாற் பைகளும் இவ்வழியே சென்றன. இர்வின், கோஷன் என்ற நீராவிக் கப்பல்கள் நெடுங்காலம் இந்தக் கடலை உழுதன. 1964 திசெம்பர் 22 ஆம் நாள் இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் கப்பல் இராமேசுவரத்துக்கு ஓடியது. 1984 இல் அதுவும் நின்றது. எழுபது ஆண்டு உறவு அத்தோடு முடிந்தது. இந்தியக் கரையில் இராமேசுவரத்து ரயிலொன்றுக்கு மட்டும் 'போட் மெயில்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

துறையருகே வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரோடு பேச்சுக் கொடுத்தோம். "கப்பல் வாற நாளெண்டால் இஞ்சை இரவு பகல் தெரியாது தம்பி," என்றார். "தபால் பைகளை எறிஞ்சு எறிஞ்சு வண்டியிலை ஏத்துவினம். நாங்கள் சின்னப் பொடியள், எண்ணிக்கொண்டு நிப்பம். அப்ப எங்கடை ஊருக்குள்ளாலை எல்லாரின்ரை கடிதமும் போச்சுது. இப்ப எங்கடை கடிதமே கடைசியாத்தான் வருது."

அவர் சொன்னதை நினைத்தபடி கடலைப் பார்த்து நின்றோம். தனுஷ்கோடி முனை இங்கிருந்து ஏறக்குறைய 30 கிலோமீற்றர். இன்று இராமேசுவரத்து நண்பர் ஒருவர் பேசாலைக்கு ஒரு புத்தகம் அனுப்பினாலும் அது கொழும்பு சென்று, சுங்கங் கண்டு, 300 கிலோமீற்றருக்கு மேல் வடக்கே திரும்பி வந்தாக வேண்டும். வாசற்படியாக இருந்த ஊர் ஒழுங்கையின் கடைசி வீடாகிவிட்டது.

கப்பல் நின்றது ஒரு பங்கு. போர் செய்தது மறு பங்கு. 1990 இல் ரயிலும் நின்றது. அவ்வாண்டு ஒக்டோபரில் மன்னார் முஸ்லிம் மக்கள் புலிகளால் ஒருங்கே வெளியேற்றப்பட்டுப் புத்தளம் முதலிய இடங்களுக்குச் சென்றனர். எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இதே கடலைத் தோணியிற் கடந்து மண்டபம் முகாமில் தஞ்சம் புகுந்தன. வீடு ஓரிடம், ஆள் வேறிடம் என்றான அந்நாட்களில் முகவரி என்ற சொல்லுக்கே பொருளில்லாது போயிற்று. தண்டவாளத்தை மீண்டும் போட்டுத் தலைமன்னார் வரை ரயில் ஓட விட்டது 2015 மார்ச்சில். இருபத்தைந்து ஆண்டு கழித்து.

நாம் வீடு திரும்பியபோது படலையருகே ஒரு சைக்கிள் நின்றது. தபாற்காரர் முற்றத்திலே நின்று, பெரியம்மாவின் காதருகே குனிந்து, "ஆச்சி! லண்டன் பார்சல்!" என்று கூவிக்கொண்டிருந்தார்.

பொதியை வாங்கிப் பார்த்தோம். பெயர் இருந்தது, 'மன்னார் 41000, ஸ்ரீ லங்கா' என்று இருந்தது, 'பேசாலை' என்ற சொல்லைக் காணோம்! அந்தக் கடையின் விண்ணப்பத்திலே தெருவுக்கும் நகரத்துக்கும் இடமுண்டாம், ஊருக்கு இடமில்லையாம். பேரன் எப்படியோ அதைத் திணித்து எழுதியிருக்கிறான்; சீட்டு அச்சிட்ட இயந்திரம் வரி நீண்டதென்று வெட்டிவிட்டது. தொலைபேசி எண்ணும் லண்டன் எண். எண்ணுக்குக் காவல் வைத்தவர்கள் ஊர்ப்பெயருக்கும் ஒரு காவல் வைத்திருக்கலாம்!

"பிறகு எப்படி ஐயா வந்து சேர்ந்தது?" என்று கேட்டோம்.

தபாற்காரர் பொதியில் ஒட்டியிருந்த பச்சைச் சீட்டைச் சுட்டினார். உள்ளே இருப்பது யாது, அதன் விலை யாது என்று சுங்கத்தாருக்காக எழுதி ஒட்டும் சீட்டு அது. அதில் 'காது கேட்கும் கருவி, 1' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"மன்னாரிலை ரெண்டு நாளாக் கிடந்ததாம்," என்றார் அவர். "இந்தப் பேரிலை தீவு முழுக்க எத்தனை பேர்! திருப்பி அனுப்ப மனமில்லாமல், அங்கை இருக்கிற பெரியவர் ஒவ்வொரு ஊராப் போன் எடுத்திருக்கிறார். 'உன்ரை பக்கத்திலை இந்தப் பேரிலை காது கேளாத ஆச்சி ஆரும் இருக்கினமோ?' எண்டு என்னட்டைக் கேட்டார். மணியடிச்சு மணியடிச்சுக் கை அலுத்த வீடு எனக்குத் தெரியாதோ?"

அவருக்குத் தேநீர் கொடுத்தோம். அவசரமாகக் குடித்துவிட்டு, கையொப்பம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கருவியைப் பொருத்தியதும் பெரியம்மா சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, "அதென்ன சத்தம்?" என்றார். பனையோலையில் காற்று உராயும் ஓசை. "அடுப்படியிலை பைப் பூட்டேல்லை," என்றார் அடுத்தபடியாக. போய்ப் பார்த்தோம், உண்மைதான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வழக்கமான நேரத்துக்குத் தொலைபேசி மணி அடித்தது. நாம் எழுமுன் பெரியம்மாவே எழுந்து சென்று எடுத்தார். பேரனின் குரல் நமக்கும் கேட்டது. அவ்வளவு உரத்துக் கத்தினான் பிள்ளை. "அம்மம்மா! பார்சல் கொழும்பை விட்டிட்டுது எண்டு காட்டுது! கவலைப்படாதையுங்கோ, வந்திடும்!"

பெரியம்மா தொலைபேசியைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"ஏனப்பு கத்திறாய்?" என்றார். "எனக்குக் கேக்குது. மெல்லச் சொல்லு."